மரத்துக்கு ஒரு மெமோ

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் ஒரு மரத்துக்கு மெமோ கொடுத்தார்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தேன்... அப்புறம்தான் சிரிப்பு நின்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

மெமோ என்றால் வாய்வார்த்தை இல்லை. வெள்ளைத்தாளில் நம்பர், தேதி, பொருள் எல்லாம் எழுதி, பாலித்தீன் உறைக்குள் போட்டு, மரத்தின் இடுப்பில் ரப்பர் பேண்டால் மாட்டிவிட்டார். பெறுநர்: பிளாக் மூன்று, பதினான்காம் நம்பர். "தண்ணீர் முற்றிலும் நிறுத்தப்பட்டுள்ள நிலையில், தாங்களும் தங்கள் பிளாக்கைச் சேர்ந்தவர்களும் மட்டும் பசுமையாகக் காணப்படுவதும், சுற்றளவு கூடியிருப்பதும் கவனத்துக்கு வந்துள்ளது. மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்." கீழே கையெழுத்து. நகல்: காசி. (அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.)

முப்பது வருஷமாக மைன்ஸில் இருக்கும் மனுஷர். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை ஜீவராசிகள்தான் — மெமோ வாங்கியவை, இனிமேல் வாங்கப் போகிறவை.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். இவர் வேலைக்காக நெய்வேலிக்கு வந்து, டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் வாங்கி, அப்படியே தங்கிவிட்டோம். ரிட்டயர் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். கிளம்பி எங்கே போவது? சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது.

எனக்கு அரண்மனை வேண்டாம். ஒரு சமையலறை போதும். இருபத்தாறு வருஷமாக நான் நிற்கிற சமையலறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு பாத்ரூம் சுவர் தெரியும். அந்த வீட்டில் யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறார்கள், என்ன பாட்டுப் பாடுகிறார்கள் என்று மூன்று குடும்பங்களின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். கிழக்கே ஒரு ஜன்னல், அதில் வெயில்... இவ்வளவுதான் என் ஆசை. கேட்டுக் கேட்டு எனக்கே சலித்துவிட்டது.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இவர் ஒரு வீடியோ பார்த்தார். தொப்பி போட்ட ஒருவர் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "மலைவேம்பு வளர்ற சத்தம் காதுல கேக்கும்" என்கிறார். ஏழே வருஷத்தில் வெட்டலாமாம். பிளைவுட் கம்பெனிக்காரர்கள் வாசலில் வந்து நிற்பார்களாம். இவருக்கும் சரியாக ஏழு வருஷம் சர்வீஸ் பாக்கி. போதாதா?

குள்ளஞ்சாவடியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஏக்கர் செம்மண் வாங்கினோம். ரோட்டோரத்தில் வீட்டுக்கு இடம் விட்டுவிட்டு மிச்சத்தில் நானூறு கன்று நட்டோம். நெய்வேலிக்காரர் சும்மா நடுவாரா? நூறு நூறாக நாலு பிளாக் பிரித்தார். ஒவ்வொரு கன்றுக்கும் நம்பர். பிளாக் ஒன்று அஸ்திவாரம், இரண்டு சுவர், மூன்று சமையலறை, நான்கு கூரை. எது வெட்டுக்கு வந்தால் எது எழும்பும் என்று சார்ட் போட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினார்.

"இந்த நூறும் உன் சமையலறை. கிழக்கே ஜன்னல்" என்றார், முழங்கால் உயரக் கன்றுகளைக் காட்டி. கல்யாணமான நாளிலிருந்து இவர் எனக்குக் கொடுத்த ஒரே உருப்படியான வாக்குறுதி அது. நான் நம்பிவிட்டேன்.

இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இவர் வேலை பார்ப்பது பம்ப் செக்‌ஷனில். சுரங்கத்துக்குள் ஊறுகிற தண்ணீரை ராத்திரி பகல் பார்க்காமல் வெளியே இறைக்கிற வேலை. பம்ப் நின்றால் சுரங்கம் நின்றுவிடும். அதனால் எங்கேயாவது ஒரு மோட்டார் ஓடாமல் நின்றால் இவருக்குச் சோறு இறங்காது.

அந்த மனுஷர் கையில் ஒரு போர்வெல்லும் சொட்டுநீர்க் குழாயும் கிடைத்தால்? டைமர் வைத்து மூன்று ஷிப்ட் போட்டார். மரங்களுக்கு முதல் ஷிப்ட் தண்ணீர், இரண்டாம் ஷிப்ட் தண்ணீர், நைட் ஷிப்ட் தண்ணீர். வாரம் ஒரு நாள்கூட ஆஃப் கிடையாது.

மரம் வளர்ந்ததா என்கிறீர்களா? வளர்ந்தது... பேயாட்டம் வளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றுக்கும் இடுப்பளவு எடுப்பார். எனக்கு ஜாக்கெட் அளவெடுக்க வீட்டில் டேப் இருக்காது.

எங்கள் நிலத்தை ஒட்டி காசிக்கு நாற்பது சென்ட் இருக்கிறது. காசி இவருடைய செக்‌ஷனிலேயே காண்ட்ராக்ட் தொழிலாளி. உள்ளூர்க்காரர். அவருடைய அப்பா, அப்பாவின் அப்பா எல்லோரும் இதே நிலங்களில் கூலிக்குக் கடலை பிடுங்கியவர்கள். அந்தக் குடும்பத்தில் சொந்தமாக மண் வாங்கிய முதல் ஆள் காசிதான். அதில் சவுக்கு போட்டிருக்கிறார், ஓரத்தில் கத்தரி. எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்வார். பதிலுக்கு எங்கள் மோட்டாரில் தண்ணீர் எடுத்துக்கொள்வார்.

இரண்டாம் வருஷமே அவர் சொன்னார். "சார், தண்ணிய கொறைங்க. மேலயே குடுத்துகினு இருந்தா அது எதுக்கு கீழ எறங்கும்? வேரு தரையோட படுத்துக்கும். நம்ம பக்கம் காத்து சும்மா வுடாதுங்க."

இவர் சிரித்துக்கொண்டே, "காசி, நீ காண்ட்ராக்ட், நான் பெர்மனென்ட். சொன்னதைச் செய்" என்றார். ஜோக்காம். காசியும் சிரித்து வைத்தார். எனக்குத்தான் எரிச்சலாக வந்தது. ஆனால் நானும் வாயைத் திறக்கவில்லை... மரம்தான் வளர்கிறதே?

போன ஐப்பசியில் ஒரு காற்று அடித்தது. புயல்கூட இல்லை, பேர் வைக்கிற தகுதியே இல்லாத காற்று. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால், கிழக்கே திறந்த பக்கமாக நின்ற முதல் இரண்டு பிளாக்கும் அப்படியே படுத்துக் கிடந்தன. வேரெல்லாம் பாயைச் சுருட்டி எடுத்த மாதிரி மேலோடு வந்திருந்தது. அரை ஆள் ஆழத்துக்குக்கூட ஒரு வேர் இறங்கவில்லை. பக்கத்தில் பார்க்கிறேன்... சவுக்கு மொத்தமும் நிற்கிறது. காண்ட்ராக்ட் நிற்கிறது, பெர்மனென்ட் விழுந்து கிடக்கிறது.

இவர் விழுந்த மரங்களின் நடுவே நடந்து ஒவ்வொரு நம்பராகப் படித்தார். எனக்கு அழுகை முட்டியது. அவரைப் பார்த்தா, மரத்தைப் பார்த்தா என்று இன்றைக்கும் தெரியாது.

பிளைவுட்டுக்கு அந்தப் பருமன் போதாது. விறகாகத்தான் போயிற்று. பண்ருட்டியில் முந்திரி வறுக்கிற இடத்துக்கு லாரியில் ஏற்றிவிட்டோம். இந்தப் பொங்கலுக்கு நீங்கள் முந்திரிப் பருப்பு சாப்பிட்டிருந்தால், அது எங்கள் வீட்டுச் சுவரில் வறுத்ததாகக்கூட இருக்கலாம்.

முன்னால் நின்ற இருநூறும் காற்றைத் தாங்கள் வாங்கிக்கொண்டதால்தான் பின்னால் நின்ற சமையலறையும் கூரையும் தப்பின. இனி முன்னால் யாரும் இல்லை. அடுத்த ஐப்பசிக்குள் வேர் இறங்கவில்லை என்றால் அவையும் முந்திரி வறுக்கத்தான் போகும். வீடு என்கிற பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான்.

இந்தத் தடவை காசி சொன்னதை இவர் மறுபேச்சில்லாமல் கேட்டார். தை பிறந்ததும் டைமரைக் கழற்றிப் பரண்மேல் போட்டார். மிச்சமிருந்த இரண்டு பிளாக்கின் வால்வையும் மூடினார். "தாகம் எடுக்கட்டும். தேடிகினு அதுவா கீழ போவும்" என்றார் காசி. மோட்டார் காசியின் கத்தரிக்கு மட்டும் ஓடியது.

யோசித்துப் பார்த்தால் இந்த டவுன்ஷிப்பில் நாம் வளர்த்த எல்லாமே சொட்டுநீர் கேஸ்தான், இல்லையா? குழாயைத் திறந்தால் தண்ணீர், ஸ்விட்சைப் போட்டால் கரண்ட், தும்மினால் ஆஸ்பத்திரி. எங்கள் பையன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். கேஸ் சிலிண்டர் தீர்ந்த அன்று எனக்கு போன் பண்ணி, "அம்மா, அடுப்பு ரிப்பேர்" என்றான். மூன்று ஷிப்ட்டும் பாசத்தை ஊற்றி வளர்த்த பையன்... அவனைச் சொல்லி என்ன பிரயோஜனம்?

இவ்வளவு வக்கணையாகப் பேசுகிறேனே... எனக்குப் புத்தி இருக்க வேண்டாமா?

சித்திரை வெயிலில் ஒரு புதன்கிழமை கத்தரிக்காய் பறிக்கலாம் என்று பஸ் ஏறிப் போனேன். பிளாக் மூன்று முழுக்க இலை தொங்கிப்போய் நிற்கிறது. என் சமையலறை. வேர் இறங்க வேண்டும், தண்ணீர் விடக்கூடாது — எல்லாம் தெரியும். தெரிந்தே போய் அந்த வால்வை அரைச் சுற்றுத் திறந்தேன். கூரை வாடினால் வாடட்டும் என்று நான்காம் பிளாக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தரிக்காய் பறித்து முடிக்கிறவரைதான்... பறிக்க இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த புதன் மறுபடி போனேன். அதற்கடுத்த புதனும். வீட்டில் தினமும் கத்தரிக்காய். இவர் ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

டேப் காட்டிக்கொடுத்துவிட்டது. நான்காம் பிளாக் அப்படியே நிற்க, மூன்றாம் பிளாக் மட்டும் பெருத்திருக்கிறது. அதில் பதினான்காம் நம்பர் கொஞ்சம் அதிகம். அதனால்தான் மெமோ.

அன்று நானும் கூடப் போயிருந்தேன். காசி வந்து, நான்காம் பிளாக்கில் ஒரு மரத்தைக் கை வைத்துத் தள்ளினார். அசையவில்லை. பதினான்காம் நம்பரைத் தள்ளினார். அடிமண் லேசாக வெடித்து வாய் பிளந்தது. "அசையுதுங்க சார்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பையைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"எலி கிலி டியூப கடிச்சிருக்கும் சார்" என்றார்.

அந்த நல்ல மனுஷரின் பொய்யால் வந்த வினையைக் கேளுங்கள். இவர் அரை நாள் வெயிலில் தவழ்ந்து தவழ்ந்து குழாய் முழுக்க ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை. திங்கட்கிழமை இரண்டு எலிப்பொறி வாங்கிவந்து, தேங்காய்ச் சில்லைத் தணலில் வாட்டிக் கோத்து, பிளாக் மூன்றில் வைத்தார். தினமும் ஷிப்ட் முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நேற்று வந்து, "ஒண்ணும் சிக்கல. சமையலறை போயிடுமோன்னு பயமா இருக்கு" என்றார். நான் அவர் தட்டில் இன்னொரு கரண்டி கத்தரிக்காய் வைத்தேன்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தை எங்கள் வீட்டில் முதலில் படிப்பவர் அவர்தான், தப்புக் கண்டுபிடிக்க. நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மெமோவுக்குக் கொடுத்த கெடுவும் தாண்டிவிட்டது. அதனால்...

ஐயா, பிளாக் மூன்று, பதினான்காம் நம்பர் சார்பாக அளிக்கப்படும் விளக்கம்: மேற்படி மரத்தின்மீது எந்தத் தவறும் இல்லை. இனி புதன்கிழமைகளில் நான் குள்ளஞ்சாவடி பஸ் ஏற மாட்டேன். ஐப்பசிக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, வேர் இறங்கட்டும். பொறிகளை எடுத்துவிடுங்கள்.

எலி நான்தான்.