நாத்தனார் சொல்லாத சுரையின் பெயர்

என் நாத்தனார் வாயில் 'பேய்' என்ற சொல் வராது. என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன்; ஒலக்கூர் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்கிறவர். கல்யாணமான புதிதில் ஏதோ பிடித்து ஆட்டுகிறது என்று மேல்மலையனூருக்கு அழைத்துப் போக, அங்காளம்மன் சந்நிதியில் குணமானவர். அந்தச் சொல்லைச் சொன்னால் திரும்பவும் அதைக் கூப்பிட்ட மாதிரி என்று அன்றோடு விட்டுவிட்டார். பேய்மழையைக்கூடப் பெருமழை என்றுதான் சொல்வார். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன்.

போன வருஷம் ஒரு அமாவாசையன்று காலையில், மேல்மலையனூருக்குப் போகிற வழியில் திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு பையை வைத்தார்.

"சுரைக்கா கீது மா. திரும்பி வர்றப்ப எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பையில் முற்றியது இரண்டு, இளசாக ஒன்று. என் வீட்டுக்காரருக்கு சர்க்கரை வியாதி. சுரைக்காய் ஜூஸ் குடித்தால் குறையும் என்று செல்போனில் எவனோ சொன்னதைக் கேட்டு வைத்திருந்தார். இளசை நறுக்கி மிக்ஸியில் போட்டுவிட்டார்.

"அண்ணி எடுத்துக்கிறேன்னு சொன்னாங்களே?" என்றேன்.

"மூணுல ஒண்ணு தம்பிக்கு இல்லியா?"

முதல் வாயிலேயே முகம் கோணியது. "இன்னா கசப்புடி!" என்றார். "கசந்தாதான் சுகர் எறங்கும்" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டு டம்ளரைக் காலி செய்தார். பாகற்காய், வேப்பங்கொழுந்து என்று கசப்பெல்லாம் மருந்து என்றே வளர்ந்த கூட்டம் எங்களுடையது. நானும் தடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாந்தி, பேதி. அப்புறம் வாந்தியில் ரத்தம். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார்: "காய்ல பூச்சிமருந்து அடிச்சிருந்தாங்களா? இல்ல, காயே விஷமா? அதுக்கு வேற வைத்தியம், இதுக்கு வேற. ஜல்தியா கேட்டுச் சொல்லுங்க."

நாத்தனாருக்கு போன் போட்டேன். ஸ்பீக்கரில் பம்பைச் சத்தம் காதைப் பிளந்தது. அவர் கோயில் வாசலில் நின்றிருந்தார்.

"அண்ணி, அது இன்னா சுரைக்கா?"

"ஐயையோ, சாப்புட்டீங்களா? அது... அந்தச் சுரை மா."

"எந்தச் சுரை?"

"அதான் மா... அதும் பேரு..."

நின்றுவிட்டது பேச்சு. பம்பை மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ! மரியாதையெல்லாம் பறந்துபோனது.

"உன் தம்பி ரத்த வாந்தி எடுத்துக்கினு கெடக்குறாரு. வாயத் தொறந்து சொல்லித் தொலை!"

"பேய்ச்சுரை!" என்று ஒரு கத்தல். "பேய்ச்சுரை மா! வர்ற வழில வேலில தானா மொளச்சது, மருந்தெல்லாம் யாரும் அடிக்கல. பசங்க நீச்சல் பழகறப்ப முதுவுல கட்டறதுக்கு, காயவெக்கப் பறிச்சேன், இளசு ஒண்ணும் கூட வந்துடுச்சு. என் தம்பியக் காப்பாத்துங்க!"

டாக்டரம்மா தலையை ஆட்டினார். "போதும்" என்று நர்ஸைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் அழுத்தம் ஏறியது. மறுநாள் காலையில் அவர் இட்லி கேட்டபோதுதான் எனக்கு மூச்சே வந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இந்தப் பெயர்களில் எந்த ஆவியும் இல்லை. பார்க்க வீட்டுக் காய் மாதிரியே இருக்கும், கசக்கும், வாயில் வைக்காதே என்று பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அந்த முதல் பாதியை நாத்தனார் பயந்து விழுங்கியதால், என் புருஷன் மிச்சப் பாதியைக் குடித்துவிட்டார்.

நாத்தனார் குங்குமப் பொட்டலத்தோடு வந்தார். கண் வீங்கியிருந்தது.

"கோயில் வாசல்லயே அந்தப் பேரச் சொல்லிட்டேனே மா. அம்மா கோச்சிக்கினு இருப்பாளா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "உங்க தம்பியப் பாருங்க அண்ணி. சட்னி போதலன்னு சண்ட போடுறாரு. அம்மா கோச்சிக்கினா இப்படி உக்காந்து துன்னுவாரா?"

நாத்தனார் தம்பியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். அதே கையால் முதுகில் ஒன்று போட்டார். "கசந்தா துப்ப மாட்டியாடா?" பிறகு அழுதார். நானும் அழுதேன்.

பக்கத்துக் கட்டில் அம்மா, என்ன ஆனது என்று கேட்டார்.

"பேய்ச்சுரை துன்னுட்டான் மா, பேய்ச்சுரை" என்றார் என் நாத்தனார், வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.