அமாவாசை பிக்சர்ஸ்

அன்று வந்திருந்தவர்கள் தில்லிபாபு, சலீம், நான், எங்கள் படத்தில் நடிப்பதற்காகத் தலைமுழுகி விபூதி பூசிக்கொண்டு வந்து நின்ற தில்லியின் அப்பா ஏழுமலை மாமா. வராதவன் மணிகண்டன். அத்தை மகளின் காதுகுத்துக்குச் சேத்துப்பட்டு போனவன், ஃபோனில் போடுகிற மெமரி கார்டையும் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போய்விட்டான். தெருவெல்லாம் சீயக்காய் வாசனையும் வடை சுடும் வாசனையும் கலந்து வந்துகொண்டிருந்தன. விசைத்தறி ஒன்றுகூட ஓடாததால், யாரோ ஒருவர் மொட்டைமாடியில் காக்கைக்குச் சோறு வைத்துக் கூப்பிடுவது தெருக்கோடிவரை கேட்டது.

ஆரணியில் எங்கள் தெருவில் அப்போது தறிக்கு மாதத்தில் ஒருநாள், அமாவாசைக்கு மட்டும்தான் ஓய்வு. பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் தில்லி வீட்டு ஃபோனை வைத்துப் படம் எடுக்க ஆரம்பித்தபோது, முதல் படத்தில் எங்கள் வசனம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. தறி மட்டும் நன்றாக நடித்திருந்தது. அதனால் மாதம் ஒருமுறை அமாவாசையன்று கூடுவது என்று முடிவுசெய்து, சங்கத்துக்கு "அமாவாசை பிக்சர்ஸ்" என்றே பெயரும் வைத்தோம். பௌர்ணமி நிலவில் ஒரு பாட்டு என்று எழுதிவிட்டு, அமாவாசையில் நிலவுக்கு எங்கே போவது என்று விழித்தது தனிக்கதை. பெயர் சரியில்லை என்று சிலர் முகம் சுளித்தபோது மாமாதான், "அமாவாசையில ஆரம்பிச்சா வளந்துகினேதாண்டா வரும்" என்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வளரும் என்று யார் சொன்னாலும் நம்புகிற வயது.

அன்றைய காட்சி சின்னது. சென்னைக்கு வேலைக்குப் போகும் மகனை அப்பா வாசலில் நின்று வழியனுப்ப வேண்டும். "பத்திரமா போய்ட்டு வாப்பா" என்பது ஒன்றே வசனம். தில்லி "ஸ்டார்ட்" சொன்னான். மாமா அதைச் சொன்ன வேகத்தில் எதிர்மாடியில் சோறு எடுக்க இறங்கிய காக்கைகள் சிதறிப் பறந்தன.

"யோவ் ஏழுமல, எங்க மாமியார இன்னாத்துக்கு வெரட்டுற?" என்று மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"நைனா, மெதுவா பேசு" என்றான் தில்லி.

"மெதுவாத்தாண்டா பேசிகினு இருக்கேன்!" அதையும் மாமா கத்தித்தான் சொன்னார்.

"மாமா, உங்க பையன் இன்னும் வாசல்லதான் நிக்கிறான், சென்னைக்குப் போய்ச் சேரல" என்றான் சலீம்.

தறியோடு நின்று பிழைத்தவர்களுக்கு அந்தக் குரல்தான். இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி, இரைச்சல் இல்லாத நாளிலும் இறங்கத் தெரியாத குரல். தறிக்கூடத்துக்குள் அதுவும் எட்டாது என்பதால் அங்கே ஒருவர் உதட்டை ஒருவர் பார்த்தே பேசிக்கொள்வார்கள். திரும்பத் திரும்ப எடுத்தோம்; ஒவ்வொரு முறையும் கத்தினார். கடைசியில் ஃபோனில் இடமில்லை. கார்டோ சேத்துப்பட்டில் காதுகுத்துப் பந்தியில் உட்கார்ந்திருந்தது. "ஜல்தி பண்ணுங்கடா, வெயில் போயிகினே இருக்குது" என்று சலீம் அவசரப்படுத்தினான். மாமாவின் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு குரலுக்கு "டப்பிங்" போட்டுவிடலாம் என்று தில்லி முடிவெடுத்தான். பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவன் என்பதால் நான் போர்வைக்குள் புகுந்து, உருக்கமாக, பள்ளிக்கூடத் தமிழின் சுத்தத்தோடு பேசினேன். அதைப் படத்தோடு சேர்த்துவிட்டு, அடுத்த காட்சிக்கு இடம் வேண்டுமென்று பழைய ஷாட்டுகளை எல்லாம் தில்லி அழித்தான்.

அடுத்த அமாவாசைக்குப் படத்தைப் போட்டுக் காட்டியபோது மாமா விழுந்து விழுந்து சிரித்தார். "வாயி என்னுது, பேச்சு எவன்துடா? ஆபீசரு மாதிரி இருக்குது!"

பன்னிரண்டாம் வகுப்போடு சங்கம் நின்றுபோனது. போன ஆடியில் ஏழுமலை மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவருடைய குரல் எதிலாவது இருக்கிறதா என்று தில்லி தேட ஆரம்பித்தான். கல்யாண வீடியோக்களில் எல்லாம் முழுக்கச் சினிமாப் பாட்டு. தறிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அவர் ஃபோனில் பேசியதே இல்லை. யார் கூப்பிட்டாலும் மனைவியிடம் கொடுத்துவிடுவார். மிச்சம் எங்கள் படம் ஒன்றுதான்.

தில்லியின் அம்மா அதைப் பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். மாமா வாயைத் திறந்ததும் என் குரல் வந்தது. "சத்தத்த நிறுத்துடா" என்றார் அம்மா. என்னைப் பார்த்து, "நீ நல்லாத்தான் பேசிருக்க தம்பி" என்று சேர்த்துக்கொண்டார். பிறகு சத்தமில்லாத அந்தப் படத்தை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு, அவருடைய உதடு அசைய அசையத் தன் உதட்டையும் அசைத்தார். அவரோடு ஒரே கூடத்தில் தறி ஓட்டியவர்.

"எனக்கு ஒதட்டப் பாத்தாலே கேக்குதுடா, போதும்."

"ஒனக்குக் கேக்கும்மா. எனக்கு எங்க கேக்குது?" என்றான் தில்லி. படிக்கிற பிள்ளை என்று மாமா அவனைத் தறிக்கூடத்துக்குள் காலெடுத்து வைக்க விட்டதில்லை. ஆறுதல் சொல்லலாமென்று நான் வாயெடுத்தேன். என் குரல் கேட்டதும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இப்போது எங்கள் தெருவில் அமாவாசைக்கும் தறி ஓடுகிறது. சலீம் துபாயில் இருக்கிறான். மணிகண்டன் எங்கே என்றே தெரியவில்லை. அந்தப் பழைய ஃபோன் மட்டும், முடித்த படத்தைக் கார்டில் ஏற்றிய கையோடு கீழே விழுந்து கெட்டுப்போய், தில்லி வீட்டுப் பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடந்தது. அழித்ததை மீட்டுத் தருகிற கடை ஒன்று சென்னையில் இருப்பதாகக் கேள்விப்பட்டு தில்லியும் நானும் எடுத்துக்கொண்டு போனோம். கடைக்காரர் பல நாள் முயன்று ஒரே ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார். படம் இல்லை, சத்தம் மட்டும். தில்லி "ஸ்டார்ட்" என்கிறான். மாமா கத்துவதற்காக மூச்சை இழுக்கிறார். அங்கேயே அறுந்துவிடுகிறது. இதற்குமேல் ஒன்றும் வராது என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் வாங்கிக்கொண்டது, ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய்.