சனிக்கிழமை எண்ணெய் கிடையாது

எண்ணெய் வியாபாரத்தில் கை வழுக்கும், தரை வழுக்கும். வாடிக்கையாளரின் பிடி மட்டும் வழுக்கவே வழுக்காது.

கடைக்குள்ளே நின்றுகொண்டு, "இதுல எதுங்க நல்லது?" என்ற கேள்விக்கு ஒரு நாளாவது பதில் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் மருந்து விற்றவரோ மல்வேட்டி விற்றவரோ, என் பங்காளிதான். உட்காருங்கள். நான் விற்றது மோட்டார் எண்ணெய். ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும், புதுக்கோட்டையில் திருமயம் சாலை தொடங்குகிற இடத்தில் இருந்த கடை. முதலாளி கல்லாவைப் பார்த்துக்கொள்வார், நான் பீப்பாய்களைப் பார்த்துக்கொள்வேன். முப்பதாம் நம்பர் என்றால் நீர்த்த எண்ணெய். நாற்பது நடுத்தரம். ஐம்பது கெட்டி. பெட்ரோலோடு கலந்து ஊற்றுகிற வண்டிக்கு வேறு. இவ்வளவுதான் என் வித்தை.

அப்போது மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் அதைப் பிறத்தியார் கையில் கொடுக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேட்டியை மடித்துக் கட்டி, வாசலில் சாக்கை விரித்தால், அவரவர் வண்டிக்கு அவரவரே வைத்தியர். மருந்து எடுத்துக் கொடுக்கிற பாவம் மட்டும் என்னைச் சேர்ந்தது. எது நல்லது என்று கேட்டால், "உங்கள் வண்டிக்கு எது ஏற்றதோ அதுதான்" என்பேன். இந்தப் பதிலைக் கேட்டு முகம் மலர்ந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

நாக்கில் வைத்தவர்

விராலிமலைப் பக்கத்து விவசாயி ஒருவர், வேலாயுதம் என்று பெயர், புது வண்டி வாங்கியிருந்தார். கடைக்கு வந்தவர் ஒவ்வொரு பீப்பாயின் குழாயிலும் ஒரு சொட்டு விரலில் பிடித்தார். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்துப் பிரித்து, வெல்லப்பாகுக்குக் கம்பிப் பதம் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு மோந்தார். நான் "ஐயா" என்று கையை நீட்டுவதற்குள் நுனி நாக்கில் வைத்துவிட்டார்.

ஐம்பதாம் நம்பர்தான் வேண்டும் என்றார், அதுதான் விரலில் நிற்கிறதாம். புது எஞ்சினில் இடுக்கு குறைவு, கெட்டி எண்ணெய் உள்ளே போய்ச் சேர நேரமாகும், முப்பது போதும் என்று தொண்டை வற்றச் சொன்னேன். பத்தியக் கஞ்சி குடிக்கிற முகத்தோடு கடைசியில் ஒத்துக்கொண்டார். அதெல்லாம் சரி, நாக்கில் வைப்பானேன் என்று கேட்டேன். "மாட்டுக்குப் புண்ணாக்கையே கடிச்சுப் பாத்துத்தான் வாங்குறேன். இது எங்க வண்டி திங்கிறது, நான் பாக்காம வேற யாரு பாப்பா?"

பெட்டி ராமையா

எங்கள் கடை முக்காலியில் தினமும் காலையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர்தான் பெட்டி ராமையா. அந்த நாளில் ஒரே படச்சுருளை இரண்டு ஊரில் ஓட்டுவார்கள். புதுக்கோட்டைக் கொட்டகையில் முதல் பாதி ஓடி முடிந்ததும், அந்தப் பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருமயம் டூரிங் டாக்கீஸுக்குப் பறக்க வேண்டும். அங்கே முதல் பாதி ஓடுகிற நேரத்தில் திரும்பி வந்து, இரண்டாம் பாதிப் பெட்டியோடு மறுபடியும் பறக்க வேண்டும். ராமையாவின் பிழைப்பு இது ஒன்றுதான்.

வண்டி, யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஏலத்தில் கழித்தது. உள்ளே இடுக்கெல்லாம் அகன்றுபோன எஞ்சின். ஐம்பதாம் நம்பர்தான் அதில் நிற்கும், முப்பதை ஊற்றினால் புகையாகப் போய்விடும். ஏற்கெனவே சில தடவை இரண்டாம் பாதி பிந்திவிட்டது. இன்னொரு தரம் பிந்தினால் பெட்டியை பஸ்ஸில் போடச் சொல்லிவிடுவேன் என்று டாக்கீஸ்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ராமையா என்னிடம் தன் கஷ்டத்தைச் சொல்லும்போதுகூடத் தன்னைப் பற்றிச் சொல்ல மாட்டார். "மொதப் பாதியில அந்தப் பொண்ண ஆத்துல தள்ளி விட்டுர்றாங்க. ரெண்டாம் பாதிக்கு நான் போகலைன்னா, அது கரையேறாத பாவம் என்னையல்ல சேரும்?"

அண்ணன் வண்டி

சுப்பையா வாத்தியார் சாதுவான மனுஷர். அவருடைய மைத்துனர், பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்றுகிற வண்டி வாங்கினார். வாத்தியாரின் வண்டி அந்த ரகம் இல்லை, அதில் எண்ணெய்க்குத் தனி இடம் உண்டு. ஆனால் வாத்தியாரின் மனைவி கண்ணில் பட்டது ஒன்றுதான்: அண்ணன் தன் வண்டிக்கு ஒவ்வொரு தரமும் எண்ணெய் ஊற்றுகிறார், தன் வீட்டுக்காரர் ஊற்றுவதில்லை. கஞ்சத்தனம் என்று முடிவு கட்டிவிட்டார். வீட்டில் அமைதி வேண்டும் என்று வாத்தியாரும் பெட்ரோல் டாங்கில் ஊற்றினார். தெரு முழுக்கச் சாம்பிராணி போட்டதுபோல் ஆயிற்று.

மறுநாள் அந்த அம்மாளே கடைக்கு வந்துவிட்டார். பின்னால் வாத்தியார், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்போல. நான் இரண்டு வண்டியின் வித்தியாசத்தையும் பொறுமையாகச் சொன்னேன். அந்த அம்மாள் கடைசிவரை கேட்டுவிட்டு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தார். "எங்கண்ணன் வண்டி குடிச்சதைப் பொகையா விட்டுருது, ஒங்க வண்டி வயித்துலயே வெச்சுக்குது. அப்ப ஒங்க வண்டிதான் சமத்துன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏன் ஊத்தச் சொல்லப் போறேன்?"

பூனைகள்

கோட்டைப்பட்டினத்துக் காதர் பாயைப்போல் ஒரு வாடிக்கையாளர் கிடைக்க மாட்டார். வருவார், "நாப்பது" என்பார், வாங்குவார், போவார். கேள்வியே கிடையாது. ஆனால் அவர் வருவதற்கு முன்பே அவர் வருகிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கடல் காற்றில் வண்டி துருப்பிடிக்கிறது என்று, வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயை அவர் வண்டி முழுக்கப் பூசியிருந்தார்.

வண்டியை நிறுத்திவிட்டு அவர் டீ குடிக்கப் போனால், கடைத்தெருப் பூனைகள் எல்லாம் வந்து சக்கரத்தை நக்கத் தொடங்கிவிடும். துருவுக்கு நம்மிடமே நல்ல எண்ணெய் இருக்கிறதே என்று முதலாளி மெல்லச் சொல்லிப் பார்த்தார். பாய் சிரித்தார். "எஞ்சினுக்கு ஒங்க எண்ணெய், மேலுக்கு எங்க எண்ணெய். பூனைக்கும் ஏதாச்சும் வேணும்லங்க?"

வெள்ளிக்கிழமை டின்கள்

சனிக்கிழமை எண்ணெய் வாங்கக் கூடாது, இரும்பும் வாங்கக் கூடாது, இரண்டும் சனீஸ்வரனுக்கு உரியவை, வாங்கினால் அவரும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுவார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். நல்லெண்ணெய்க்குச் சொன்னது மோட்டார் எண்ணெய்க்கும் பொருந்துமா என்று முதலாளிக்கு முதலில் சந்தேகம் இருந்தது. ஒரு தடவை ஒருவருக்கு விற்றுப் பார்த்தார். அந்த மனுஷர் வீட்டுக்குப் போய்ப் பழைய எண்ணெயை வடித்தார், புதியதை ஊற்ற மறந்து வண்டியை எடுத்தார், எஞ்சின் இறுகிப்போயிற்று. வாங்கிய எண்ணெய் திறக்காமல் அப்படியே இருந்தது. ஆனால் அவர் வந்து சண்டை போட்டது சனிக்கிழமை விற்ற முதலாளியோடு.

அன்றிலிருந்து கடையில் புது வழக்கம். வாடிக்கையாளர்கள் வெள்ளிக்கிழமையே டின்னில் வாங்கிவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோனால் சமையல் எண்ணெயோடு கலந்துவிடும் என்று பெண்கள் விடுவதில்லை. அதனால் பேரைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி எங்கள் அலமாரியிலேயே வைத்துவிட்டு, வேண்டும்போது வந்து எடுத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை பீப்பாய்க் குழாய்களுக்குப் பூட்டு. வியாபாரம் போகிறதே என்று நான் வருத்தப்பட்டபோது முதலாளி சொன்னார்: "எஞ்சினுக்கு நாம பதில் சொல்லலாம் தம்பி. கெரகத்துக்கும் நாமதான் பதில் சொல்லணும்னா கடை நடத்த முடியாது."

முறுக்குக்காரர் வாங்கிய எண்ணெய்

நாகப்பன் பலகாரக் கடை வைத்திருந்தார். சாயங்காலம் திருமயம் டாக்கீஸில் முறுக்கு விற்பவரும் அவர்தான். அவருடைய வண்டியும் ராமையாவின் வண்டியும் ஒரே ஏலத்தில் வந்த உடன்பிறப்புகள். ஆனால் நாகப்பன் எங்களிடம் எண்ணெய் வாங்கியதே இல்லை. எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை நாலு மடிப்பு வேட்டித் துணியில் வடிகட்டி, திரும்பவும் அதிலேயே ஊற்றிவிடுவார். முறுக்குச் சுட்ட எண்ணெயை வடிகட்டினால் மறுநாள் சுடவில்லையா என்பது அவர் கட்சி.

ஒரு நாள் அந்தத் துணியையே கொண்டுவரச் சொன்னேன். வெயிலில் விரித்துக் காட்டினேன், இரும்புத் தூள் மினுமினுத்தது. "இது உங்கள் எஞ்சின்" என்றேன். அந்தத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை, வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு டின் ஐம்பதாம் நம்பர் வாங்கினார். அலமாரியில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்போல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு எண்ணெய்க்கு ஒரு அண்டா முறுக்கு சுட்டுருப்பேன். இது என்னத்தைச் சுடுதுன்னு பாப்போம்."

அந்தச் சனிக்கிழமை

அதற்கு மறுநாள், விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருந்தது. முதலாளி சூடம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வாத்தியார் தன் முப்பதாம் நம்பர் டின்னை எடுக்க வந்திருந்தார். நாகப்பனும் டாக்கீஸுக்குப் போகிற வழியில், முறுக்கு டின்கள் கட்டிய வண்டியோடு, தன் எண்ணெய் பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். அப்போது கடகடவென்று ஒரு சத்தம். ராமையா. பின்னால் இரண்டாம் பாதிப் பெட்டி. மத்தியானம் தானே எண்ணெய் மாற்றியிருக்கிறார், எண்ணெய்த் தொட்டியின் அடித் திருகுக்குப் பழைய வாஷரையே போட்டிருக்கிறார். வழியெல்லாம் ஒழுகித் தொட்டி வற்றிப்போயிருந்தது. திருமயத்தில் முதல் பாதி ஓடிக்கொண்டிருந்தது.

முதலாளியின் கை சாவிக்குப் போயிற்று, திரும்பி வந்துவிட்டது. "வேணாங்க, நானும் வாங்க மாட்டேன். எனக்கு ஏழரை நடக்குது" என்றார் ராமையா. வாத்தியார் தன் டின்னை நீட்டினார். அந்த வண்டியில் முப்பது நிற்காது, பாதி வழியிலேயே பெட்டி நின்றுவிடும் என்றேன். அலமாரியில் இருந்த ஒரே ஐம்பது நாகப்பனுடையது. யாரும் அவரைக் கேட்கவில்லை. பெட்டி பிந்தினால் இடைவேளை நீளும், இடைவேளை நீண்டால் முறுக்கு டின் துடைத்து வைத்ததுபோல் காலியாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். வாழ்நாளில் முதல் தடவை வாங்கிய எண்ணெய் வேறு.

நாகப்பன் எழுந்து டின்னை எடுத்தார். "சனிக்கெழமை வாங்கத்தான கூடாது, குடுக்கலாம்ல? நவக்கிரகத்துக்கு ஊத்துறோம்ல?" என்றார். ராமையா ஓரடி பின்வாங்கினார். சனிக்கிழமை எண்ணெயைத் தானமாக ஏற்பது வாங்குவதைவிட மோசம், கொடுப்பவரின் பீடையும் சேர்ந்து வரும் என்று அவருக்கு பயம். நாங்கள் எல்லாரும் முதலாளியைப் பார்த்தோம். சனீஸ்வரன் விஷயத்தில் கடைத்தெருவுக்கே அவர் சொன்னதுதான் சட்டம். அவர் முதலில் ஒரு வாஷரை எடுத்துக் கொடுத்தார். அது செம்பு, இரும்பு இல்லை, விற்கலாம். பிறகு வண்டியை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீ எதையும் ஏத்துக்க வேணாம்ப்பா, எட்டி நில்லு. எண்ணெயும் சனீஸ்வரனோடது, இரும்பும் அவரோடது. அவரு பொருளை அவருக்கே ஊத்துறதுக்கு நடுவுல நாம யாரு?" என்றார்.

திருகை முடுக்கி, ஐம்பதாம் நம்பரைக் கடைசிச் சொட்டு வரை நான்தான் ஊற்றினேன். என் கண் கலங்கியது, எண்ணெய்க் கையோடு துடைக்கவும் முடியவில்லை. ராமையா உதைத்தார், வண்டி பிடித்துக்கொண்டது. பின்னாலேயே நாகப்பன், தன் வண்டியில், அந்த வடிகட்டின எண்ணெயோடேயே கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதலாளி நாகப்பனின் டின்னை நிரப்பி அலமாரியில் வைத்திருந்தார். நாகப்பன் வந்தார். பெட்டி நேரத்துக்குப் போய்விட்டதாம், அந்தப் பெண்ணும் கரையேறிவிட்டாளாம், டாக்கீஸ்காரருக்கு ஒன்றும் தெரியாதாம், ராமையாவின் வேலைக்கு ஒரு குறையும் வராதாம். இதையெல்லாம் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை மறைக்க அவர் பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "எடைவேளை கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு, பாதி முறுக்கு திரும்பிருச்சு. நல்ல எண்ணெய்னா நட்டந்தான்னு நான் அப்பவே சொன்னேன், ஒங்க ஆளு கேக்கலை" என்று முதலாளியிடம் என்னைக் கை காட்டினார்.

எது நல்ல எண்ணெய் என்று இன்றைக்கு யாராவது கேட்டாலும் வண்டிக்கு ஏற்றதுதான் என்கிறேன், ஆனால் அது வேண்டிய நேரத்தில் பக்கத்து டின் ஒரு நாகப்பனுடையதாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் எந்த நம்பரில் விற்பது என்று எனக்கு இதுவரை தெரியவில்லை.