அபுல் ஹசன் பெயரில் வந்த கார்

சிதம்பரம் ரயிலடியில் பதினான்கு வருஷம் வாடகைக் கார் ஓட்டியவர் அபுல் ஹசன். ஒரே வண்டி, பழைய மாரிஸ். பல்கலைக்கழகத்து வாத்தியார்கள் வெளியூர் கல்யாணத்துக்குப் போகவும், பிரசவம் சிக்கலானவர்களைக் கடலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வண்டி இனி தாங்காது என்று தெரிந்ததும், 1961-இல் கடலூரில் இருந்த கார் ஏஜென்சியில் முன்பணம் கட்டிப் புது அம்பாசிடருக்குப் பதிவு செய்தார். அப்போதெல்லாம் புதுக் கார் கேட்டவுடன் கிடைக்காது. பெயர் எழுதிவைத்துவிட்டு, முறை வரும்வரை வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முறை வந்தபோது அவர் இல்லை. 1966 ஜூனில், நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் போன அடுத்த மாதமே மாரிஸின் எஞ்சினும் நின்றது.

அவர் மனைவி சர்புன்னிசாவுக்கு நாற்பத்திரண்டு வயது. இரண்டு பெண்கள். கணவன் போன துக்கத்துக்கு இத்தா இருந்த நான்கு மாதம் பத்து நாளும் அவள் வாசலைத் தாண்டவில்லை. அது முடிந்து ஒரு வாரத்தில் ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்தது. பெரிய மகள் அஜீசுன்னிசா அதை உரக்கப் படித்தாள். அபுல் ஹசன் அவர்களுக்குக் கார் ஒதுக்கப்பட்டிருக்கிறது, எஞ்சின் நம்பர் இது, பதினைந்து நாளுக்குள் பாக்கித் தொகையுடன் வரவும்.

பரங்கிப்பேட்டையில் பிறந்த வீட்டில் தனக்கு வந்த பங்கை அண்ணன் ரஃபியுதீனுக்கே எழுதிக் கொடுத்துப் பணம் வாங்கினாள் சர்புன்னிசா. "டாக்சி வச்சி நடத்துறது பொம்பள வேலையா?" என்று அவர் கேட்டார். அவளுக்கு வேறு வழி இல்லை.

கடலூருக்குத் துணையாக வந்தவன் கலியமூர்த்தி. அபுல் ஹசனுக்கு மூச்சிரைப்பு வந்த நாளிலிருந்து ஆறு வருஷம் மாரிஸை ஓட்டியவன். வண்டி நின்றபின் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு நான்கு பிள்ளைகள்.

ஏஜென்சி முதலாளி தேவநாதன் மரியாதையாகத்தான் நாற்காலி காட்டினார். கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாய் வரலீங்களா?" என்றார்.

"அவுங்க மௌத்தாயி அஞ்சு மாசம் ஆவுது. நான் அவுங்க சம்சாரம். பணம் கொண்டாந்திருக்கேன்."

தேவநாதன் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் வந்த வருத்தம் பொய்யில்லை. "நல்ல மனுசன்மா. ஆனா புக்கிங் அவரு பேருல இருக்குது. ஆளு இல்லன்னா கேன்சல், ரூல் அப்படி. முன்பணத்த வட்டியோட வாங்கிக்குங்க. பொம்பளப் புள்ளைங்கள வச்சிருக்கீங்க, எங் கையிலேருந்து ஐந்நூறு சேத்துத் தர்றேன்."

"எனக்குப் பணம் வேணாங்க. காரு வேணும்."

"பேரு மாத்தணும்னா மெட்ராஸ்ல ஆளப் பாக்கணும். செலவு இருக்குது. பில்லுக்கு மேல நாலாயிரம் ஆவும். அதுக்கு ரசீது கெடையாது."

தெருவில் வரும் மீன்காரியிடம் தவிர யாரிடமும் அவள் விலை பேசியதில்லை. "ஆயிரம் தர்றேன்" என்றாள். சொன்னபிறகு அது தன் குரல்தானா என்றிருந்தது.

"மூவாயிரத்து ஐந்நூறு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

"ஆயிரத்து இருநூறு."

"வீட்டுக்குப் போயி பெரியவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்கம்மா" என்று சொல்லி, கடிதத்தை மடித்துத் தன் மேசை டிராயரில் போட்டுக்கொண்டார்.

"அந்தக் கடுதாசி?"

"அது இங்க இருக்கட்டும். ஆபீஸ் காகிதம்."

அது நல்லதற்கில்லை என்று மட்டும் அவளுக்குப் பட்டது. ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. எழுந்தவள் திரும்ப உட்கார்ந்தாள். தேவநாதன் வெளியே போனார், வந்தார், டெலிபோன் பேசினார். அவள் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, புதுக் கார் நின்ற கொட்டகையில், தேவநாதன் கலியமூர்த்தியின் தோளில் கைவைத்து ஏதோ பேசுவது தெரிந்தது. ஒரு மணி நேரம் போயிருக்கும். உள்ளே வந்தவர், அவள் எழுந்திருக்கப்போவதில்லை என்று கண்டு, டிராயரைத் திறந்து கடிதத்தை மேசைமேல் போட்டார்.

திரும்பும் பஸ்ஸில் கலியமூர்த்தி முன்சீட்டிலிருந்து திரும்பி, "அக்கா, ஐந்நூற வாங்கிக்கிட்டு வுட்டுடலாங்க. இவுங்களோட நம்மால மல்லுக்கட்ட முடியாது" என்றான்.

"அந்தாளு உங்ககிட்ட என்னா சொன்னாரு?"

ஆலப்பாக்கம் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தான்.

"அந்தக் காரு நெல்லிக்குப்பத்துல ஒரு கரும்புக்காரருக்குப் பேசியாச்சிங்க. அஞ்சாயிரம் ஜாஸ்தி குடுக்குறாராம். நீங்க வுட்டுக் குடுத்தா, அவரு காருக்கு என்னயே டிரைவரா வச்சி வுடுறேன்னாரு. மாசம் நூத்தி இருவது."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"பேசிப் பாக்குறேன்னேன்." முன்பக்கம் திரும்பிக்கொண்டு, "எம் புள்ளைங்க நாலு மாசமா..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை.

சர்புன்னிசாவுக்குக் கோபத்தைவிடப் பயம்தான் வந்தது. கூட வர இவன் ஒருவன்தான் என்று நம்பி வந்திருந்தாள். இவனும் அந்தப் பக்கம் நின்றால் யாரைக் கூப்பிடுவது?

மறுநாள் காலை அஜீசுன்னிசாவை உட்காரவைத்து, கடிதத்தை எஞ்சின் நம்பரோடு இரண்டு நகல் எடுக்கச் சொன்னாள். நகராட்சியில் இறப்புச் சான்று வாங்கினாள். தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்காக எட்டு நாள் நடந்தாள். தினமும் ஒரே பெஞ்சு, தினமும் நாளைக்கு வா என்ற பதில். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது காகிதம் கைக்கு வந்தது. புது வண்டியைப் பார்த்து வாங்கவும் ஓட்டிவரவும் ஒருவன் வேண்டும். வேறு யாரையும் தெரியாததால் கலியமூர்த்திக்கே சொல்லியனுப்பினாள். அவன் வந்தான்.

தேவநாதனின் மேசைமேல் வாரிசுச் சான்றையும், அதன்மேல் கடிதத்தின் நகலையும் வைத்தாள்.

"இதுல எஞ்சின் நம்பரு இருக்குது, கீழ உங்க கையெழுத்து இருக்குது. அபுல் ஹசன் பேருக்கு வந்த காரு யாரு பேருக்குப் போச்சின்னு மெட்ராஸ் சர்க்காருல கேப்பாங்க. பெட்டிசன் எழுதி மகள்கிட்டக் குடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். இன்னிக்கி நான் காரோட போவலன்னா அது ரிஜிஸ்டர் தபால்ல போவும்."

நெல்லிக்குப்பத்துப் பேச்சை அவள் எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் சொன்னது யார் என்று தேவநாதனுக்குத் தெரிந்துபோகும்.

அவர் வெகுநேரம் காகிதத்தைப் பார்த்தார். "யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

"யாரும் இல்லங்க."

"ரெண்டாயிரம் குடுங்க."

"ஆயிரம்."

ஆயிரத்து இருநூற்றைம்பதில் பேச்சு முடிந்தது. தபாலைப் போட்டுவிட்டுக் காத்திருந்தால் அதையும் கொடுக்க வேண்டியதில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் பதில் வர ஆறு மாதமோ ஒரு வருஷமோ, அதுவரை வீட்டில் அடுப்பெரிய வேண்டும். டாக்சி பர்மிட்டுக்கும் இன்ஷூரன்சுக்கும் என்று தனியாக முடிந்துவைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

கலியமூர்த்தி காரைச் சுற்றிவந்தான். படுத்து அடியில் பார்த்தான். பிறகு டிக்கியைத் திறந்து, தேவநாதன் காதில் விழும்படி சொன்னான்: "அக்கா, ஸ்டெப்னி டயரு பழசு. மாத்தி வச்சிருக்காங்க."

தேவநாதன் அவனை முறைத்தார். அவன் தலை குனியவில்லை. அரை மணியில் புது டயர் வந்தது.

செம்மண்டலம் வந்ததும், "அக்கா, அன்னிக்கி பஸ்ஸுல நான்..." என்று ஆரம்பித்தான்.

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் சர்புன்னிசா.

பர்மிட்டுக்குக் காசில்லாமல் புதுக் கார் மூன்று மாதம் துணி போர்த்தி நின்றது. 1967 மார்ச்சில்தான் ரயிலடிக்குப் போனது. கலியமூர்த்திதான் ஓட்டினான். சம்பளம் நூறு, பேட்டா தனி. கணக்கில் ஒருநாளும் தப்பு வரவில்லை. இரண்டு வருஷம் கழித்து அந்தக் கரும்புக்காரருக்கும் கார் வந்தது. அவர் டிரைவர் வேலைக்குக் கலியமூர்த்தியைக் கேட்டு ஆள் விட்டார். இந்த முறை அவனே வந்து அவளிடம் சொன்னான்.

"உங்களுக்கு நல்லதுன்னா போங்க" என்றாள்.

அவன் போகவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை. ஆனாலும் கடலூர் சவாரி போன வண்டி திரும்ப நேரமானால், வேலையைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்துவிடுவாள். ரோட்டில் ஏதாவது ஆகியிருக்குமோ என்ற கவலைதான் பாதி. மீதிப் பாதி, அன்று கொட்டகையில் அவன் தோளில் இருந்த அந்தக் கை; அதை அவள் பெண்களிடம்கூடச் சொன்னதில்லை.