குதிரையின் விளக்கு அணைந்த அன்று

என் மூத்தவள் அனிக்கு ஆறு வயது. டீவியில் வரும் பறக்கும் குதிரைக் கார்ட்டூன் என்றால் உயிர். அதில் குதிரையின் நெற்றி விளக்கு அணைந்தால் ஆபத்து என்று அர்த்தம். நெற்றியில் லைற் எரியும் அதே குதிரைப் பொம்மையும் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

ஒருநாள் இரண்டு வயதுச் சின்னவள் எச்சில் வடித்தபடி சாப்பிட மறுத்தாள். பல் முளைக்கிறது என்று நினைத்தேன்.

"அம்மா, ஆபத்து! குதிரையின்ர லைற் எரியேல்லை!" என்று அனி ஓடிவந்தாள்.

"சும்மா இரு" என்று அதட்டியபடி பொம்மையை வாங்கினேன். மூடி திறந்திருந்தது, உள்ளே இருந்த பட்டன் பற்றரியைக் காணவில்லை. சின்னவள் அதை விழுங்கியிருக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

ஓட்டோவில் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். எக்ஸ்ரேயில் அது தொண்டைக்குக் கீழே தெரிந்தது. உடனே எடுத்துவிட்டார்கள்.

"நல்ல நேரத்தில கொண்டு வந்திட்டீங்கள், பிந்தியிருந்தா பற்றரி உள்ளுக்குள்ள அரிச்சுப் புண்ணாக்கியிருக்கும்" என்றார் டொக்டர்.

"நானில்லை டொக்டர், இவதான் கண்டுபிடிச்சவ" என்று அனியை முன்னால் நிறுத்தினேன். ஆஸ்பத்திரி வாட்டே கைதட்டியது.

இப்போது மூடிக்குத் திருகாணி இல்லாத பொம்மை வாங்குவதில்லை. அனி கூப்பிட்டால் அடுப்பை அணைத்துவிட்டு முதலில் போய்ப் பார்க்கிறேன்.