கறுப்பு வெள்ளைப் பாட்டுக்குக் கம்பி மாற்றியது

எங்கள் கம்பெனி ஆயுத பூஜைக்கு வெளியிலிருந்து ஆர்கெஸ்ட்ரா வராது. லைனில் நிற்பவர்களே வாசிப்போம், நாங்களே பாடுவோம். ஒரகடத்தில் எத்தனையோ பிளான்ட். இந்தத் திமிர் எங்களுக்கு மட்டும்தான் என்று நான் சொல்லிக்கொள்வேன், யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

அந்தக் குழுவில் கிட்டார் நான். மற்ற நாளெல்லாம் கதவு. கார் உடம்பில் கதவை மாட்டி, நாலு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக ஓடுகிறதா என்று பார்க்கும் வேலை. காரைப் பார்த்தால் எனக்கு நிறம் தெரியாது, இடைவெளிதான் தெரியும்.

இந்த வருஷம் பாட்டு லிஸ்ட் போடும் கீபோர்டுக்காரன், பெயின்ட் ஷாப் ஆள், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன், கேன்டீனில் எல்லாரும் இருக்கும்போதே சொன்னான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கறுப்பு வெள்ளை பாட்டு நாலு வெச்சிருக்கோம். உங்க கிட்டாரு தகரத்துல ஆணி கீறுனாப்புல கீது. அந்த டோனு கீபோர்டுலயே வருது. நீங்க பக்கத்துல நின்னு ஷேக்கர் ஆட்டுங்களேன்."

ஷேக்கர். உள்ளே மணி போட்ட டப்பா. இத்தனை வருஷம் விரல் நுனி காய்த்துப்போன எனக்கு.

"ஞாயித்துக்கெழம ரிகர்சல்ல கேளு. அப்புறம் லிஸ்ட்ட எழுது" என்றேன்.

கோபத்தில் சொன்னேனே தவிர, அவன் சொன்னது சரி. அந்த நாலில் முதல் பாட்டில், இரண்டாம் சரணத்துக்கு முன்னால் நாலே வரி கிட்டார் வரும். ஒவ்வொரு சுரமும் விளிம்பில்லாமல், உருண்டையாக, தலையணையில் விழுந்த கோலிகுண்டு மாதிரி விழுந்து அங்கேயே அடங்கும். என்னுடையது சிதறும், பளபளக்கும், அடுத்த சுரத்தின் மேல் போய் விழும். கை அல்ல குற்றம், கம்பி. நான் போட்டிருந்தது மெல்லிசு. அந்தக் காலத்துக் கம்பி தடிமன். மேலே சுற்றிய கம்பியும் பட்டையாக இருக்கும், விரல் வழுக்கிக்கொண்டு போகும். மூன்றாவது கம்பிக்குக்கூடச் சுற்று உண்டு. ஃப்ளாட் வவுண்ட் என்பார்கள்.

குன்றத்தூரில் பஸ் ஏறி மவுண்ட் ரோடு போய் வாங்கினேன். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தார். "ஜாஸ் வாசிக்கிறீங்களா சார்?"

"இல்ல சார். கதவு மாட்றேன்."

அந்த வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட். காலை முழுக்கக் கிட்டார் கட்டிலில் படுத்திருந்தது. தடிக் கம்பி உட்காரத் தலைப்பக்கப் பள்ளங்களை மெல்லிய அரத்தால் அகட்டினேன். ஆறு கம்பியும் ஏறியதும் இழுத்த இழுப்பில் கழுத்து வில்லாக முன்னே வளைந்தது. கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டை முறுக்கி நிமிர்த்தினேன். கழுத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்து, பின்னால் செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு கீற்று வெளிச்சம் கசியவில்லை. அப்படியொரு நேர். பிறகு ஃபீலர் கேஜ், அந்த மெல்லிய இரும்பு இதழ்களை நுழைத்து, ஆறு கம்பியையும் ஒரே உயரத்தில் நிறுத்தினேன். எந்த ஆடிட்டரும் கை வைக்க முடியாது.

மீட்டினேன். கர்ர்ர். எந்த இடத்தில் அழுத்தினாலும் கர்ர்ர்.

மறுபடி அளந்தேன். அளவெல்லாம் சரி, சத்தம் மட்டும் தப்பு. இரண்டு நாள் இப்படியே போனது. வெள்ளிக்கிழமை காலை, ஸ்ரீபெரும்புதூரில் நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய என் மனைவி, பையைக்கூட வைக்காமல் வாசலிலேயே நின்றாள்.

"இன்னாயா இது, வூட்டுக்குள்ள குளவி பூந்துகிச்சா?"

"எல்லாம் கரெக்டா கீது. ஒட்டுனாப்புல நேரா வெச்சிருக்கேன். அப்பவும் ஒரசுது."

"ஒட்டுனாப்புல வெச்சா ஒரசாம? கேப் இல்லன்னா ஒரசும்னு நம்ம பீரோ கதவ மூணு வாட்டி கழட்டி மாட்டுன ஆளு நீ. இதுக்கு மட்டும் இன்னாவாம்?"

சொல்லிவிட்டுப் பல் விளக்கப் போய்விட்டாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. கம்பி அதிரும்போது அகலமாக ஆடுகிறது, அதற்கு இடம் வேண்டும். வாழ்க்கை முழுக்க இடைவெளியையே பார்த்தவன், தன் கையில் இருந்த பொருளுக்கு ஒரு நூலளவுகூட விடவில்லை. தண்டைக் கால் சுற்று தளர்த்தினேன். கழுத்து நடுவில் மூச்சளவுக்குக் குழிந்தது. தடிக் கம்பிகளை ஒரு மயிரிழை தூக்கினேன், அவைதானே அதிகம் ஆடும். கம்பியின் அதிர்வை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் பிக்கப்பை நன்றாகக் கீழே இறக்கினேன். கிட்டத்தில் இருந்தால் அது கத்தும், தள்ளி இருந்தால்தான் பேசும். டோன் திருகைப் பாதிக்கு மூடினேன்.

மீட்டினேன். சுரம் விழுந்தது. விழுந்த இடத்திலேயே இருந்தது. குளியலறைக்குள்ளிருந்து, வாய் நிறைய நுரையோடு, "ம்ம்!" என்று ஒரு சத்தம் வந்தது.

ஞாயிறு காலை கேன்டீனில் மேஜைகளை ஓரம் தள்ளி ரிகர்சல். முதல் பாட்டில் இரண்டாம் சரணத்துக்கு முன்னால் கீபோர்டுக்காரன் கிட்டார் டோனுக்குப் பட்டனை மாற்றித் தயாராக விரல் வைத்தான். நானும் தொடங்கினேன். முதல் வரி இருவரும் சேர்ந்து வாசித்தோம். இரண்டாவது வரியில் அவன் கையை எடுத்துவிட்டான். மூன்றும் நான்கும் நான் மட்டும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.

பாட்டு முடிந்தது. அவன் லிஸ்ட்டை எடுத்து, நாலு பாட்டுக்கும் எதிரில் கிட்டார் என்று எழுதினான். ஐந்தாவதாக ஒரு பாட்டைச் சேர்த்து, அதற்கும் எழுதினான்.

"அண்ணே, இன்னா கம்பி அது? எந்த நம்பரு?"

அவனுக்குத் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, கீபோர்டுக்கு ஏது கம்பி? ஷேக்கரை எடுத்து அவன் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த பாட்டுக்குச் சுருதி சேர்க்க ஆரம்பித்தேன்.