லில்லியின் முழங்கால் வலி

மழைக்காய்ச்சல் லில்லியைக் கொண்டுபோய்விட்டது என்று அவள் கணவர் தங்கராஜ் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அமரவிளைக்கு, எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். கர்த்தர் மன்னிக்கட்டும், எனக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. "தெளிவோடயா போனா?" என்று கேட்டேன். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். செம்பில் கொண்டுவந்து கொடுத்தேன்.

நம் சபைப் பெண்களுக்கு அவளைத் தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி வைத்தவள். நானும் கூட நின்று பயறு அவித்தவள்தான். சில மாதம் படுக்கையை விட்டு எழும்பமாட்டாள். சில மாதம் உறங்கவே மாட்டாள். உறங்காத ஒரு காலத்தில் கொதிக்கிற கஞ்சி அவள் காலில் கொட்டியது. தோல் உரிந்துபோயும் பாடிக்கொண்டே பரிமாறினாள்.

"ஏட்டி லில்லி, கால் வெந்துபோச்சு" என்றேன்.

"எனக்கு ஒண்ணும் நோவல்ல அக்கா. கர்த்தர் தூக்கிப் பிடிச்சிருக்காரு" என்று சிரித்தாள்.

திருவனந்தபுரத்து மனநல டாக்டரிடம் அவளோடு நானும் போனேன். வலியை அமர்த்துகிற, அபின் போன்ற ஒன்று நம் உடம்பிலேயே ஊறுகிறதாம். மனம் ஏறி இறங்குகிற இந்த நோயில் அதுவும் ஏறி இறங்குகிறதோ என்று படித்தவர்கள் சந்தேகப்படுகிறார்களாம், இன்னும் நிச்சயமில்லையாம். தேவன் படைத்த உடம்புக்குள் அபினா என்று நான் பதறினேன். லில்லி நிதானமாகக் கேட்டாள்: "எனக்க முட்டுவலி ஓய்ஞ்சதே இல்ல. அது நிண்ணா, நான் இங்க ஓடி வரணும், இல்லியா டாக்டரே?"

எல்லாருக்கும் அப்படி இல்லை, உனக்கு நோய் ஏறப்போவதற்கு அது ஒரு அடையாளமாக இருக்கலாம் என்றார் அவர். உறக்கத்தையும் கவனிக்கச் சொன்னார், மாத்திரையை நிறுத்தாதே என்றார்.

பிறகு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் வியாதிக்காரர்களை எழும்பி நடக்கச் சொன்னார். எப்போதும் நொண்டுகிற லில்லி அன்று நொண்டாமல் நடந்தாள். பெண்களெல்லாம் அல்லேலூயா என்று கை தட்டினார்கள். "சாட்சி சொல்லு மக்கா" என்று யாரோ மைக்கை நீட்டினார்கள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, வலி இல்ல. உறக்கமும் வரல்ல. அது வருதாக்கும். என்னைக் கொண்டு போ."

பந்தலுக்குப் பின்வழியாக இறங்கி, டாக்டரிடம் போகத் திருவனந்தபுரத்துக்குப் பஸ் பிடித்தோம். அவள் சொன்னாள்: "சாவுக்குப் பயமில்ல அக்கா. நான் நானா இல்லாத நேரத்துல செத்துப்போகப்பிடாது. அதாக்கும் பயம்." கர்த்தாவே, இவளுக்கு வலியைத் திருப்பிக் கொடும் என்று வழியெல்லாம் ஜெபித்தேன். அப்படி ஒரு ஜெபத்தை அதற்குமுன் நான் செய்ததில்லை.

செய்தி சொல்ல வந்த அன்று தங்கராஜ் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்: "கடைசியில, 'முட்டு நோவுது, கொஞ்சம் தடவித் தாருங்க'ண்ணு கேட்டா. தடவிட்டே இருந்தேன் அக்கா."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

எனக்கும் இப்போது ஜெபத்துக்கு முழங்காலில் நிற்கும்போது வலிக்கிறது. முன்பெல்லாம் அதை எடுத்துப்போடும் ஆண்டவரே என்று கேட்பேன். லில்லி போன பிறகு கேட்பதில்லை.